ஒரு சொட்டும் விற்காத செக்கு

கடல் தாண்டிப் போய் வியாபாரம் பண்ணக் கிளம்பினாளாம் பொன்னுருவி என்று ஒருத்தி. ஊரில் அவளோடு கூட்டுச் சேர்ந்தவர்களின் நகையை விற்று வாங்கிய ஒரு மரச்செக்கும் ஒரு மாடும்தான் அந்தப் புதுக் கூட்டு வியாபாரத்தின் கைம்முதல். தீவில் இறங்கியதுமே துறைமுகத் தலைவர் வழியை மறித்தார். அங்கே எண்ணெய் விற்பது அவர் கடை ஒன்றுதான்.

"வெளியூர்க்காரி இங்க ஒரு சொட்டு எண்ணெய் விக்கக் கூடாது. வித்தா உன் செக்கு எனக்கு" என்றார், மீசையை முறுக்கி.

பொன்னுருவி கும்பிட்டு, "உத்தரவுங்க, விக்க மாட்டேன்" என்றாள்.

மறுநாள் சந்தையில் செக்கு சுற்றியது. சனம் கொப்பரைக் கூடையோடு வரிசை கட்டி நின்றது. தலைவர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டு வந்தார்.

"விக்காதேன்னு சொன்னேனே!"

"நான் எங்கே வித்தேன்? கொப்பரை அவங்களுது, எண்ணெயும் அவங்களுது. ஆட்டுக்கூலிக்குப் பிண்ணாக்கு மட்டும் எனக்கு. அதை எங்க ஊர் மாட்டுக்காரங்ககிட்ட வித்துக்குவேன்."

"பொய்! எண்ணெய்தான் விக்கிறே. சாட்சியை நானே பிடிக்கிறேன்" என்று, வரிசையில் முக்காடு போட்டு நின்றவனின் துண்டை வெடுக்கென்று இழுத்தார்.

பார்த்தால், அவர் வீட்டுச் சமையல்காரன்!

"அம்மாதான் அனுப்பினாங்க எசமான். நம்ம கடை எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதாம்."

சந்தையே கொல்லென்று சிரித்தது. பொன்னுருவி தலைவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா வீட்டுக் கொப்பரையை முதல்ல ஆட்டிரட்டுங்களா?"

தலைவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"சரி, பிண்ணாக்கை நீயே எடுத்துக்கோ."