காஜியார் கப்பலேறிய கதை

சங்குமுனை நவாபு அன்சர் கானுக்குக் கோபம் வந்தால் ஊரே நடுங்கும். தீர்ப்புச் சொல்லும் காஜி பதுருத்தீன் மார்க்கச் சட்டக் கிதாபைத் திறந்தாலோ அந்த நவாபே நடுங்குவார். அப்பேர்ப்பட்ட காஜி, சொன்னால் நம்பமாட்டீர்கள், கடலைக் கண்டால் நடுங்குகிற ஆள்! வருஷா வருஷம் ஹஜ்ஜுக்கு நாள் குறிப்பார். கப்பல் வந்ததும் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் தர்பாருக்கு மைமூன் பீவி வந்தாள். அறுபதைத் தொட்ட விதவை. பெற்ற ஒரே பிள்ளையும் பிறந்த வாரமே போய்விட்டது. இருபது வருஷம் பாய் முடைந்து ஹஜ்ஜுக்கு வழி பண்ணியிருந்தாள். மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்ததும் கப்பல்.

"மஹ்ரம் யாரு?" என்றார் காஜி. "புருஷனோ, மகனோ, கூடப்பிறந்தவனோ துணைக்கு வரணுமே!"

"யாருமில்லீங்க. பத்துப் பொம்பளைங்க சேர்ந்து போறோம்."

"பக்கத்து ஊர்ல மார்க்கம் படிச்ச ஆலிம்கள் அதுக்குச் சரின்னுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கப்பல் ஏறக் கூடாது!"

மைமூன் பீவி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நவாபுக்கு மனசு கேட்கவில்லை. தர்பாரிலேயே பெரிய வாயாடியும் ஊர்ப் பழங்கதையெல்லாம் அறிந்தவருமான உதுமான் லெப்பையைப் பார்த்தார். லெப்பை எழுந்து வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது பின்னால் ஒரு பல்லக்கு. பெண்கள் உட்காரும் திரைக்குப் பின்னால் அதை இறக்கினார்கள்.

"காஜியாரே, ஒரு சந்தேகம். பால் குடிச்ச பிள்ளையும் மகன்தானே?"

"அதிலென்ன சந்தேகம்! ரெண்டு வயசுக்குள்ள அஞ்சு தடவை வயிறாரக் குடிச்சிருந்தா பால்மகன். அவனும் மஹ்ரம்தான்."

"அந்த மகன் கடலுக்குப் பயந்து துணைக்குப் போகலேன்னா?"

"சீ! அவனெல்லாம் ஒரு மகனா?"

"நல்லாச் சொன்னீங்க!" லெப்பை மைமூன் பக்கம் திரும்பினார். "லாத்தா, நீங்க யாருக்காச்சும் பால் கொடுத்தீங்களா?"

அவள் தலை குனிந்தாள். "கொடுத்த பாலைச் சொல்லிக் காட்டுவாங்களா? வேணாம் தம்பி."

"அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேன்!" திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. "டேய் பதுரு!"

காஜியின் தலைப்பாகை ஆடிப்போனது. சாட்சாத் அவரைப் பெற்ற உம்மாவின் குரல்!

"நீ பொறந்தப்ப எனக்கு விஷக் காய்ச்சல். எட்டு மாசம் இவ பாலைக் குடிச்சுத்தான்டா உசுரு பொழைச்சே. அஞ்சு தடவையாம்ல, அஞ்சு தடவை! ஒரு ராத்திரிக்கே அஞ்சு தடவை குடிச்ச பய நீ!"

நவாபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவி லெப்பைக்குப் போர்த்தினார்.

"ஹுஸூர், என் இடுப்பு..." என்று இழுத்தார் காஜி.

"கப்பல்ல எண்ணெய் தேய்ச்சுக்கலாம். கிளம்பும்!"

கப்பல் புறப்பட்டு மூன்றாம் நாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு காஜி ஓயாமல் வாந்தி எடுத்தார். மைமூன் பீவி பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மன்னிச்சிடுங்க உம்மா" என்றார் காஜி, மூச்சு வாங்க.

"இதுல என்ன மவனே இருக்கு? நல்லாக் கக்கு. குடிச்சதும் என் மேலேயே கக்குறது உனக்குப் பழைய பழக்கம்தானே!"