ஆறாவது நட்சத்திரம்

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்து நான்கு.

இன்னாசிமுத்து சரக்குக் கப்பல்களில் முப்பது வருடம் எஞ்சினியராக இருந்தவர். அமெரிக்கத் துறைமுகங்களில் கப்பல் நிற்கும் நாட்களில் மற்றவர்கள் ஜீன்ஸும் ஷாம்பூவும் வாங்குவார்கள். இவர் பழைய தங்கக் காசு வாங்கினார். ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்த பிறகுதான், வாங்கியதில் பாதியைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது. மண்ணடியில் காசு பார்த்து மதிப்புச் சொல்லும் மெஹருன்னிசாவிடம் போய்ச் சேர்ந்தார். ஒன்பது வருடமாக அவரை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்.

இருநூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் காசு அடிக்கும் அச்சைக் கையால் செய்தார்கள். நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பதித்தார்கள். அதனால் ஒரே வருடத்துக் காசிலும் அச்சுக்கு அச்சு நட்சத்திரம் மயிரிழை தள்ளி நிற்கும். அந்த மயிரிழைதான் ஒரு வகையை இன்னொரு வகையிலிருந்து பிரிக்கிறது.

எந்தப் பட்டியலிலும் இல்லாத வகை ஒன்று இன்னாசிமுத்துவிடம் இருந்தது. ஐந்து டாலர் தங்கக் காசு. முன்பக்கம் இடதுபுறமாக மேலே, ஆறாவது நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரத்தின் மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. பின்பக்கம் இடதுபுறமாகக் கீழே, 'யுனைடெட்' என்ற சொல்லின் முதல் எழுத்து அடியில் சற்று அகன்றிருந்தது. முன்னச்சும் புதிது, பின்னச்சும் புதிது. பதினொரு மாதம் படம் எடுத்து, அளந்து, கட்டுரை எழுதினார்.

அவர்களுடைய நாணய மன்றத்தில் ஒரு வழக்கம். புது வகைக்குக் கண்டவரின் பெயரையே வைப்பார்கள். ஆனால் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று கண்டவருடையது, மற்றது சரிபார்த்தவருடையது. மெஹருன்னிசா சரிபார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். காசையும் படங்களையும் படிவத்தையும் முதல் நாள் அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார் இன்னாசிமுத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மன்றக் கூட்டம் நடக்கும் மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் நுழைந்தார்.

"போட்டாச்சா டீச்சர்?"

"உட்காருங்க."

"உட்கார நேரமில்லை. பத்தரைக்கு மேடை. செயலாளர் இப்பவே 'இன்னாசி வகை'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறார். என் மருமகள், 'மாமா, கேட்டா ஏதோ பொரியல் வகை மாதிரி இருக்கே'ங்கிறா. பெங்களூர்ல இருந்து பையனும் அவளும் வந்து முதல் வரிசையில உட்கார்ந்தாச்சு."

மெஹருன்னிசா சிரித்தார். மேசையில் காசு இருந்தது. காசின் விளிம்போடு வட்டமாக வெட்டிய இரண்டு பெரிய படங்கள் இருந்தன. படிவமும் இருந்தது. இரண்டாவது கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"உங்க பேட்ஜைக் கழற்றுங்க சார். ஊக்கு வேணும்."

கழற்றினார்.

"ரெண்டு படத்தையும் முதுகோடு முதுகா வைங்க. வச்சு, ஆறாவது நட்சத்திரத்துல குத்துங்க."

"எதுக்கு?"

"குத்துங்க."

படங்களின் விளிம்பைப் பொருத்தி, ஊக்கைக் குத்தினார். திருப்பிப் பார்த்தார். ஊக்கின் முனை மேலே வலதுபுறம் வெற்றிடத்தில் வந்திருந்தது.

"ஒண்ணுமில்லையே?" என்றார்.

"நம்ம ரூபாயா இருந்தா ஒண்ணுமில்லை. அதைப் பக்கவாட்டில் திருப்பினா பின்பக்கம் நேரா நிக்கும். அமெரிக்கக் காசு?"

அவருக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் படித்த முதல் பாடம் அது. அமெரிக்கக் காசின் பின்பக்கம் தலைகீழாக நிற்கும். புத்தகங்களில் மட்டும், பார்க்க வசதியாக, இரண்டு பக்கத்தையும் நேராக நிமிர்த்தி அக்கம்பக்கமாகப் போடுவார்கள். அவரும் அப்படித்தான் போட்டு, பதினொரு மாதம் வேலை செய்திருந்தார்.

பின்பக்கப் படத்தைத் தலைகீழாக்கினார். விளிம்பைச் சரிபார்த்தார். அதே நட்சத்திரத்தில் மறுபடி குத்தித் திருப்பினார்.

ஊக்கின் முனை 'யுனைடெட்'டின் முதல் எழுத்தில், அகன்ற அடிப்பாகத்தின் நடுவே வந்திருந்தது.

மண்டபத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

"தற்செயலா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"நட்சத்திரத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு ஓடுது. அச்சுல விழுந்த விரிசல்னு குறிச்சிருக்கேன்."

"எங்கே தொடங்கி எங்கே முடியுது, அந்த விரிசல்?"

லென்ஸ் வேண்டியிருக்கவில்லை. படத்தின் மேல் அவரே வரைந்து காட்டியிருந்த கோடு. நட்சத்திரத்தைச் சுற்றிப் போய், தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தது. முப்பது வருடம் எஞ்சின் அறையில் எத்தனையோ இரும்புகள் விரிசல் விடுவதைப் பார்த்தவர் அவர். வட்டமாக ஓடிய விரிசல் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

"ஓட்டை," என்றார்.

"ஆமா சார். யாரோ துளை போட்டுக் கழுத்தில மாட்டியிருக்காங்க. பின்னால வந்த யாரோ தங்கம் வச்சு அடைச்சு, துளையோட போன நட்சத்திரத்தையும் எழுத்தையும் கையால திரும்பச் செதுக்கியிருக்காங்க. நல்ல ஆசாரி. நட்சத்திரம் மட்டும் கொஞ்சம் சாஞ்சு போச்சு."

கதவு திறந்தது. செயலாளர் தணிகாசலம் தலையை மட்டும் நீட்டினார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் சார். டீச்சர், கையெழுத்து ஆச்சா? சான்றிதழுக்குக் கண்ணாடி எல்லாம் போட்டு வச்சிருக்கேன். ஆணிதான் பாக்கி."

கதவு மூடியது.

இன்னாசிமுத்து படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஹால்ல இதைக் கண்டுபிடிக்கிற ஆள் யாரும் இல்லை, டீச்சர்."

"இல்லை."

"நீங்க போட்டுட்டா முடிஞ்சுது."

"ஆமா."

மெஹருன்னிசா பேனாவின் மூடியைத் திறந்தார். படிவத்தை முன்னால் இழுத்து, காலியாக இருந்த இடத்தில் முனையை வைத்தார்.

"போடுன்னு சொல்லுங்க சார். போடுறேன்."

இன்னாசிமுத்து வாயைத் திறந்தார். வெளியே மருமகளின் சிரிப்பு கேட்டது. பேனா முனை அசையாமல் அதே இடத்தில் இருந்தது. அதன் கீழே நீலமாக ஒரு புள்ளி ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவரே படிவத்தை உருவி எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அரை மணி நேரம் ஒதுக்கியிருக்காங்க," என்றார். "ஓட்டையைப் பத்தி அரை மணி நேரம் பேச முடியுமா?"

"ஊக்கை எடுத்துக்கிட்டுப் போங்க. பேச்சு தானா வரும்."

"சிரிப்பானுங்க."

"கொஞ்ச நேரம் சிரிப்பாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரும் வீட்டுக்குப் போய் அவங்கவங்க காசைத் திருப்பிப் பார்ப்பாங்க."

படங்களை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் நின்றார். மனம் கேட்கவில்லை.

"டீச்சர், போன கிறிஸ்துமஸுக்குக் கேக்கோட இந்தக் காசையும் கொண்டுவந்து உங்க கையில கொடுத்தேன். லென்ஸ் வச்சு ஒரு மணி நேரம் பார்த்தீங்க. சந்தோஷப்பட்டீங்க. பிரியாணி வாங்கிக் கொடுத்தீங்க. உங்க கடைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம், 'என்கிட்ட படிச்சவர்'னு சொன்னீங்க. அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்கு எனக்கும் தெரியலை."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"அப்போ எப்பத்தான் தெரிஞ்சுது?"

மெஹருன்னிசா பேனாவை மூடினார்.

"நேத்து. கையெழுத்துப் போட உட்கார்ந்தப்போ."