வீட்டுக்குள்ள வந்த தென்காசி பஸ்

இந்தக் கதையை நான் நேர்ல பாக்கல, தேனு. உங்க அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ எதையுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா. இருந்தாலும் கேளு. சித்தி தலையைத் தடவி விடுறேன், நீ "ம்" கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு தோள்பட்டை இருந்துச்சாம்.

"தோள்பட்டையா?"

ஆமா. ராஜபாளையத்துல, எங்க பழைய வீட்டுக்கு எதிர்வீட்டுப் பூரணம் பெரியம்மாவோட வலது தோள்பட்டை. மழை பெஞ்ச முற்றத்துல சர்ர்ருனு வழுக்கி, தொப்புனு விழுந்தாங்க. உள்ள சதை கிழிஞ்சுபோச்சு. ஆபரேஷன் பண்ணி, கையைக் கழுத்துல தொங்குற ஒரு பையில மாட்டி வீட்டுக்கு அனுப்பினாங்க. "சாஞ்சமேனிக்கே தூங்குங்க. மல்லாக்கப் படுத்தாலோ, பையைக் கழட்டினாலோ தையல் பிரிஞ்சுரும்"னு டாக்டர் சொல்லிட்டாரு.

"ம்."

அப்புறம், செவுத்துல தலகாணி அடுக்கிச் சாஞ்சாங்க. கண்ணு சொருகும்போது தலகாணியெல்லாம் சரிஞ்சு, பெரியம்மாவும் சரிஞ்சு, "ஐயோ அம்மா!"

அப்புறம், பக்கத்து வீட்டுப் பிரம்பு நாற்காலி வந்துச்சு. கிரீச்... கிரீச்... மூச்சு விட்டாக்கூட கிரீச்.

அப்புறம், கட்டில் மேல ஒரு நாற்காலியைக் கவுத்துப் போட்டு, அதுமேல மெத்தை விரிச்சாங்க. முதுகுல நாற்காலிக் காலு குத்துச்சு, ணங்!

அப்போ பெரியம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. "இன்னைக்கு ராத்திரி இந்தப் பையைக் கழட்டி வீசிட்டு நீட்டிப் படுக்கத்தான் போறேன். தையல் பிரிஞ்சா பிரியட்டும்!"

பெரியப்பா வேலாயுதம் பயந்துட்டாரு. அவரு ரிட்டயர் ஆன கண்டக்டரு. "ஏ பூரணம், நீ எங்கதான் நல்லா தூங்கியிருக்க, சொல்லு?"

"உங்க தென்காசி பஸ்லதான். ஜன்னலோரம் உக்காந்தா சேத்தூர் வர்றதுக்குள்ள தூங்கிருவேன். புளியங்குடியில அம்மா வீட்டுக்கு எறங்கணும்னு நீங்கதான எழுப்பி விடுவீங்க. அப்பல்லாம் என்ன காத்து!"

பெரியப்பா உடனே சட்டையை மாட்டிட்டுக் கெளம்பிட்டாரு. சாயங்காலம் வாசல்ல டுர்ர்ர்னு ஒரு குட்டியானை வண்டி. அதுமேல என்னா?

"யானையா?"

இல்லடி, பஸ் சீட்டு! ரெண்டு பேரு உக்கார்ற பச்சை சீட்டு. பழைய பஸ் உடைக்கிற எடத்துல வாங்கிட்டு வந்தாரு.

"கிறுக்கா உங்களுக்கு? வீட்டுக்குள்ள பஸ்ஸக் கொண்டாந்துட்டீங்களே!"

"பாதி பஸ் கூட இல்ல. ஏறு மொதல்ல."

நிஜ ஜன்னல் பக்கமா சீட்டைப் போட்டு, நல்லா சாயட்டும்னு முன்காலுக்குச் செங்கல் வச்சாரு. முழங்கைக்குக் கீழ தலகாணி. "டிக்கெட் டிக்கெட்"னாரு.

"கையே பையில கெடக்கு. எதுல எடுக்க?"

"சரி, ஓசியில வா. ரைட்... போலாம்!" வாயாலயே விசில், பீப் பீப். டுர்ர்ர்... "சேத்தூர்லாம் எறங்கு..." டுர்ர்ர்...

"...ம்."

சேத்தூர் வர்றதுக்குள்ள பெரியம்மா தூங்கிட்டாங்களாம். பையும் கழறல, தையலும் பிரியல. பஸ்ஸு நின்னுச்சு, கதை எறங்கிருச்சு, நீயும் கண்ணை மூடு.

"நெசமா, சித்தி?"

உனக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு போன மாசம் ஊருக்குப் போனப்போ பெரியம்மாட்டயே கேட்டேன். ரெண்டு கையாலயும் எனக்குத் தலை பின்னிட்டே சிரிச்சாங்க. "சேத்தூர்ல தூங்குனது அவருடி. பக்கத்து சீட்டுல உக்காந்து டுர்ருனு சொல்லிச் சொல்லி, என் நல்ல தோள்லயே சாஞ்சுட்டாரு. எந்திரிச்சுப் போய் நீட்டிப் படுத்தா முழிச்சுக்குவாரேன்னு அசையாம இருந்தேன். புளியங்குடி வந்தா எழுப்ப ஆளு வேணும்ல? அப்படியே நானும் எப்பவோ தூங்கிட்டேன்."