கொக்குத்தீவின் ஆயிரம் பாட்டு வரலாறு

முன்னொரு காலத்தில் சங்குமுனை நாட்டை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்றால், வேளாவேளைக்குச் சாப்பிட்டார், தூங்கினார், யாராவது பழம்பெருமை பாடினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாடு தன்பாட்டுக்கு நடந்தது.

அவருடைய சபையில் வித்தாரசேனர் என்று ஒரு பிரபு இருந்தார். ஒருமுறை ராஜா படைத்தலைவருக்கு ஒரு குன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வித்தாரசேனருக்குச் சோறு இறங்கவில்லை. ‘அவனுக்குக் குன்றென்றால் எனக்கு ஒரு தீவாவது வேண்டாமா?’ என்று கடலோரமெல்லாம் தேடினார். கண்ணில் பட்டது கொக்குத்தீவு. ஒரு மேடு, மூன்று பனை, ஒரு குடிசை. குடிசையில் கருவாடு காயப்போட்டுப் பிழைக்கும் சடைச்சி என்ற பெண். கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. தீவு அவளுடையது.

ஏழையின் தீவைப் பிடுங்கினால் கெட்ட பெயர் வரும். ஆகவே வித்தாரசேனர் கண்ணியமான வழியில் போனார். வரலாறு எழுதினார்.

ஆயிரம் பாட்டு! அவருடைய முப்பாட்டனார் அந்தத் தீவில் ஏழடுக்கு மாளிகை கட்டி வாழ்ந்தாராம். ஓர் அமாவாசையன்று உச்சிவேளையில் நான்கு எல்லைக் கற்களுக்குள் பதினாயிரம் பேருக்கு விருந்து வைத்தாராம். கற்கள் இன்றும் இருக்கின்றன என்றார். இருந்தன. பாசி தடவி நட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

“யானை உண்டா?” என்று ராஜா ஆவலாகக் கேட்டார்.

“அறுபது, மகாராஜா. குட்டிகளோடு அறுபத்திரண்டு.”

யானைகள் எந்தப் படகில் போயின என்று கேட்குமளவுக்கு அந்தச் சபையில் யாரும் மரியாதை கெட்டவர்கள் அல்ல.

சடைச்சியைக் கூப்பிட்டு, “உன் வரலாறு என்ன?” என்றார் ராஜா.

“எங்க பூட்டன் உங்க பூட்டனாரக் கடல்லேருந்து தூக்கினாரு. உங்க பூட்டனாரு இந்தத் தீவக் குடுத்தாரு. அம்புட்டுத்தான் மகராசா.”

“அவ்வளவுதானா? யானை?”

“கொக்கு இருக்கு.”

ராஜாவுக்குக் கொட்டாவி வந்தது. “வருகிற அமாவாசை கழிந்ததும் தீவு வித்தாரசேனருக்கு. நீ காலி செய்துவிடு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சடைச்சி அழுதுகொண்டே வெளியே வந்தாள். அமைச்சர் இளநாகர் பின்னாலேயே வந்தார்.

“அழாதே அம்மா. வேறு இடம் கொடுத்தால் போவாயா?”

“எம் புருசன் திரும்பி வந்தா அந்த மூணு பனையக் குறிவச்சுத்தான் சாமி வருவாரு. நான் எப்படிப் போவேன்?”

அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கல்லை என்றைக்கு நட்டார்கள்?”

“போன அட்டமியில.”

அட்டமியில் அரண்மனையில் யாரும் ஒரு காரியமும் தொடங்கமாட்டார்கள். பிரபுவின் ஆட்களுக்கு அன்று ஓய்வு. திருட்டுக் கல் நட அதைவிட வசதியான நாள் ஏது?

“அட்டமியில கடல் செத்த பாம்பு கணக்காக் கெடக்கும் சாமி. அமாவாசை உச்சியில எங் குடிசை வாசல் வரைக்கும் ஏறிடும்” என்றாள் சடைச்சி.

அமைச்சர் நேரே சபைக்குத் திரும்பினார். “மகாராஜா, பிரபுவின் வரலாற்றைக் கேட்டதிலிருந்து எனக்குப் புல்லரிப்பு அடங்கவில்லை. அதே அமாவாசை, அதே உச்சிவேளை, அதே கற்களுக்குள் தாங்களும் விருந்துண்டால் எவ்வளவு பொருத்தம்!”

ராஜாவின் காதில் விருந்து மட்டும்தான் விழுந்தது. வித்தாரசேனர் பூரித்துப்போய், “பதினெட்டு வகைக் கறி!” என்று அறிவித்தார்.

அமாவாசையும் வந்தது. கற்களுக்கு நடுவே மணலில் பட்டுப்பாய் விரித்து, இலை போட்டு, சபையே உட்கார்ந்தது. சோற்றில் நெய் விழும்போது ராஜாவின் கால் நனைந்தது.

“சிற்றலை, மகாராஜா! தங்கள் பாதத்தை வணங்க வந்திருக்கிறது” என்றார் வித்தாரசேனர்.

அடுத்த அலைக்கு அவ்வளவு பக்தி இல்லை. பாயச அண்டாவைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ராஜா இலையில் கை வைத்தார். இலை கிழக்கே போய்க்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ராஜாவும் சபையும் மேட்டுக்கு ஓடினார்கள். மேட்டில் சடைச்சியின் குடிசை. அவள் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். பசியில் ராஜா மூன்று சட்டி குடித்தார்.

கற்கள் நான்கும் கடலுக்கடியில் போய்விட்டன. அமைச்சர் மெதுவாகக் கேட்டார்: “பிரபுவே, அந்த அறுபத்திரண்டு யானைகளும் எங்கே நின்றிருக்கும்?”

வித்தாரசேனர் ஈர வேட்டியை மும்முரமாகப் பிழியத் தொடங்கினார்.

“இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியுமா?” என்று ராஜா சடைச்சியிடம் கேட்டார்.

“பொறந்ததுலேருந்து தெரியும் மகராசா. யாரும் கேக்கலியே.”

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. தீவை அவள் பெயருக்கே செப்பேட்டில் வெட்டச் சொன்னார். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். பிறகு வித்தாரசேனர் பக்கம் திரும்பினார்.

“உமது வரலாறு வீணாகக் கூடாது. அமாவாசைதோறும் கிழக்கு எல்லைக் கல்லருகே நின்று, கடல் ஏறத் தொடங்கும்போது முழுவதையும் பாடும். முடித்தபின் கரையேறலாம். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும் அனுமதி உண்டு.”

முதல் அமாவாசையில் நாற்பதாம் பாட்டிலேயே வாயில் தண்ணீர் புகுந்தது. குன்று வாங்கிய அதே படைத்தலைவர்தான் குடுமியைப் பிடித்து இழுத்துப்போட்டார். அடுத்த மாதம் வரலாற்றில் யானைகள் இல்லை. அதற்கடுத்த மாதம் மாளிகை போயிற்று. பிறகு முப்பாட்டனாரும் போனார். தை அமாவாசையன்று ஒரே ஒரு வரிதான் மிச்சம்:

“சடைச்சியின் பூட்டன் ராஜாவின் பூட்டனைக் கடலிலிருந்து தூக்கினான்; ராஜாவின் பூட்டன் இந்தத் தீவைக் கொடுத்தான்.”

கால் நனைவதற்குள் பாடி முடித்துவிட்டார்.

“இப்பத்தான் சாமி சரியா இருக்கு” என்று மேட்டிலிருந்து சொல்லிவிட்டு, சடைச்சி கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.