டீச்சர் காரின் துருவைத் தட்டிக் கேட்டவர்கள்

ஆறுமுகநேரியில் உப்பளத்துக்குப் போகிற வழியில் ஒரு ஒர்க்ஷாப் இருந்தது. அருமைநாயகம், பால்துரை, சேர்மக்கனி என்று மூன்று பேர் சேர்ந்து நடத்தினார்கள். மூன்று பேருக்கும் பொதுவாகக் கொஞ்சம் மூளை உண்டு. அது அருமைநாயகத்திடம் இருப்பதாக மற்ற இருவரும் நம்பினார்கள். அருமைநாயகமும் நம்பினார்.

ரிட்டயரான அறிவியல் ஆசிரியை ஹெப்சிபாய் டீச்சர், அவருடைய அப்பாவின் பழைய கறுப்புக் காரை அங்கே கொண்டுவந்து விட்டார். முப்பது வருஷம் கழித்து அவருடைய அண்ணன் கமாலியேல் சாம்பியாவிலிருந்து வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறார். "அப்பா கார்லதான் வீட்டுக்கு வரணும்" என்று போனில் சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டதாம்.

"வண்டி வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும்" என்றார் டீச்சர். "அடியில தாங்குற சேஸிஸ் இருக்கே, அது உள்ள குழாய் மாதிரி. உப்புக்காத்து அதுக்குள்ள போய்த் துரு பிடிச்சிருக்கும். என்ன செய்யணும்னு எழுதியே கொண்டாந்திருக்கேன். அதுல உள்ளபடி செய்யுங்க. சொந்தமா எதையும் யோசிக்கக் கூடாது."

மூன்று பேருக்கும் அப்படியொரு நிம்மதி.

காகிதத்தின் முதல் வரி: 'சேஸிஸை மெல்லத் தட்டிக் கேட்கவும்.'

அருமைநாயகம் சுத்தியலால் மெல்லத் தட்டினார். "ஏய், யாரு உள்ள?" என்று கேட்டார். பதில் இல்லை.

"அண்ணாச்சி, மரியாதையா கேட்டுப் பாருங்க" என்றான் பால்துரை.

"துருவுக்கு என்னல மரியாதை?"

"காரு வாங்குன அன்னைக்கே உள்ள போயிருந்தா, அது நம்மள விட மூத்ததுல்லா?"

நியாயமாகத்தான் பட்டது. அருமைநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தார். "ஐயா, உள்ள இருக்கீங்களா?" என்று மறுபடி தட்டினார். உள்ளே துருப்பொடி கரகரவென்று சரிந்தது.

"தொண்டையைச் செருமுதாரு. ஆளு இருக்காரு" என்றான் சேர்மக்கனி.

அடுத்த வரி: 'சந்தேகம் இருந்தால் ஓட்டை போட்டுப் பார்க்கவும்.'

இன்றைக்குப் புதனா வியாழனா என்று பால்துரைக்குச் சந்தேகம். டிரில்லிங் மெஷினை எடுத்து ஒரு ஓட்டை போட்டான். வரும்போது வீட்டைப் பூட்டினோமா என்று சேர்மக்கனிக்குச் சந்தேகம். ஓட்டை போட்டுப் பார்த்தான், வீடு தெரியவில்லை, இன்னும் பெரிதாகப் போட்டான். அருமைநாயகத்துக்குச் சந்தேகமே வந்து பழக்கமில்லை. ஆனாலும் சும்மா நிற்பது தலைவனுக்கு அழகில்லையே. ரொம்ப நேரம் முயற்சி செய்ததில், தனக்கு நிஜமாகவே புத்தி இருக்கிறதா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. பயந்துபோய் சின்னதாக ஒரு ஓட்டை போட்டார். ஆனால் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவது வரி: 'நல்ல இரும்பு தென்படும்வரை அறுத்து எடுக்கவும்.'

அறுத்தார்கள். துருவாகவே வந்தது. இன்னும் அறுத்தார்கள். பாதி சேஸிஸ் தீர்ந்து சிமெண்டுத் தளம் வந்தது. காகிதத்தில் நிறுத்தச் சொல்லவில்லை என்பதால் தளத்தையும் உடைத்தார்கள். ஒரு முழ ஆழத்தில் தளத்துக்குப் போட்ட கம்பி பளபளவென்று தெரிந்தது.

"அண்ணாச்சி, நல்ல இரும்பு!" என்று கத்தினான் பால்துரை.

"படிச்சவங்க படிச்சவங்கதாம்ல. இம்புட்டு ஆழத்துல கிடக்குன்னு டீச்சருக்கு எப்படித் தெரிஞ்சுது பாரு!"

நாலாவது வரி, புதுத் தகட்டை அந்த நல்ல இரும்போடு சேர்த்து வெல்டு வைக்கச் சொன்னது. வைத்தார்கள். ஒரு இடத்தில் வைத்தால் போதாது என்று நாலு மூலையிலும் வைத்தார்கள்.

கடைசி வரி: 'ஓட்டைகள் வழியாக உள்ளே மெழுகு ஏற்றவும்.' பெட்ரோல் டேங்கை முதல் நாளே கழற்றி வைத்திருந்தார்கள். எதற்கென்று அவர்களுக்கு ஞாபகமில்லை. அதனால்தான் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு டஜன் மெழுகுவர்த்தி வாங்கி, உள்ளே வைத்து ஏற்றினார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் வெளிச்சம் தெரிந்தபோது, இவ்வளவு அழகான துரு வைத்தியத்தை அருமைநாயகம் கண்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, டேங்கை மாட்டி முடிக்கவும் டீச்சர் வரவும் சரியாக இருந்தது. இஞ்சின் ஒரே சாவியில் கிளம்பிற்று. டீச்சர் முகம் மலர்ந்தது. கியர் போட்டார். கார் அசையவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா காரைத் தரையில நட்டு வச்சிட்டீங்களே" என்றார். திட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அருமைநாயகம் சுத்தியலைக் கீழே வைத்தார். காகிதத்தில் இல்லாததை யோசிக்கக் கூடாது என்பதை மறந்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தமாக யோசித்தார்.

"உங்க அண்ணன் இந்தக் கார்ல வீட்டுக்கு வரணும், அம்புட்டுத்தான டீச்சர்? வருவாரு."

ஸ்டேஷனுக்கு ஆட்டோ போயிற்று. கமாலியேல் சார் ஒர்க்ஷாப் வாசலில் வந்து இறங்கி, கார் பானட்டைக் கட்டிப்பிடித்து அழுதார். இரண்டு நாள் பயணக் களைப்போடு பின் சீட்டில் ஏறினார். டீச்சர் தலையில் கைவைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். அருமைநாயகம் இஞ்சினை உறுமவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினார், ஹாரன் அடித்தார், வராத ஆட்டுக்குப் பிரேக் போட்டார். சேர்மக்கனி ஒரு முருங்கைக் கிளையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாக முன்னாலிருந்து பின்னால் ஓடினான். ஓடி முடித்ததும் சுற்றிவந்து மறுபடி ஓடினான். பால்துரை எதிரே வரும் லாரிக்காரனாக நின்று கையைக் காட்டினான்.

பத்து நிமிஷம் போனதும், "பாத்துப்பா, ரயில்வே கேட் போட்டிருக்கான்" என்றார் டீச்சர். அருமைநாயகம் கேட் திறக்கும்வரை காத்திருந்தார்.

அரை மணி நேரத்தில் வீடு வந்தது. கமாலியேல் சார் பெட்டியோடு இறங்கி, பழைய டயர்களையும் உடைந்த தளத்தையும் சுற்றிப் பார்த்தார்.

"வீட்டை ரொம்பத்தான் மோசமா வச்சிருக்கே, ஹெப்சி" என்றார். "ஆனா நம்மூர் ரோடு! ஒரு குலுக்கல் இல்லையே!"

அருமைநாயகம் கூச்சத்தோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரோடு இல்ல சார். வெல்டிங்."