தாடை இல்லாத தலை

இருளாண்டி தன் அக்காள் பேராச்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஒரு கையால் இடுப்பிலிருந்த உப்புக் கூடையையும் மறு கையால் தலையிலிருந்த தொப்பியையும் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் வழிந்த வேர்வையைத் துடைக்க அவளுக்கு மூன்றாவது கை இல்லை.

இது நடந்தது உவர்ப்பட்டினத்தில். இப்போது அந்தப் பெயரில் ஊர் கிடையாது. அப்போது இருந்தது, அதற்கு ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்குத் தொப்பி என்றால் கொள்ளை ஆசை. பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள்.

கப்பலில் வரும் வியாபாரிகள் கரையைப் பார்த்ததும் வாய் பிளக்க வேண்டும் என்று ராஜா நினைத்தார். கரையில் அவர்கள் முதலில் காண்பது உப்பளம். ஆகவே உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அரண்மனைத் தொப்பி போட வேண்டும் என்று ஆணை போட்டார். தொப்பி போடாதவருக்கு வேலை இல்லை. தொப்பியைத் தொலைத்தவருக்கும் வேலை இல்லை.

அந்தத் தொப்பிகளைச் செய்யத் தொப்பிக் கூடம் ஒன்று இருந்தது. இருளாண்டி அங்கே படிக்கிற மாணாக்கன். பனங்குருத்தை வெயிலில் வெளுக்க வைக்கவும், ஈரம் காட்டி வளைக்கவும், வரிவரியாகப் பின்னவும் கற்றுக்கொண்டிருந்தான். கூடத்தின் தலைவர் சிகாமணிப் பண்டிதர். கூடத்தின் நடுவில் ஒரு மரத்தலை இருந்தது. ராஜாவின் முப்பாட்டனார் தலையைப் பார்த்துச் செதுக்கியது. எந்தத் தொப்பியானாலும் அதன் மேல்தான் வைத்துப் பார்ப்பார்கள். மனிதத் தலையில் வைப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடுமாம். அதிலும் உப்பளத்தார் தலையைத் தொட்டு அளப்பது கூடவே கூடாதாம்.

"மரத்தலை ஆடாது. மரத்தலை வியர்க்காது. மரத்தலை பொய் சொல்லாது" என்பார் பண்டிதர். காலையில் மாணாக்கர்கள் இதைச் சேர்ந்து சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார்கள்.

அந்த மரத்தலை கன்னத்தோடு முடிந்துவிடும். அதற்குத் தாடை கிடையாது. தாடை இல்லாததால் அந்த நாட்டுத் தொப்பிக்கு நாடாவும் கிடையாது. நாடாவை எங்கே கட்டுவது?

அன்று காலை கூடத்துக்குப் போகிற வழியில்தான் இருளாண்டி அக்காளைப் பார்த்தான். தலையில் தொப்பி இருந்ததால் கூடையைத் தலையில் வைக்க முடியாமல் இடுப்பில் சுமந்தாள். கோடைக் காற்று வேறு சுழற்றி அடித்தது.

"ஏலே தம்பி, உங்க கூடத்துல தலைக்குத் தொப்பி செய்றீகளா, இல்ல தொப்பிக்குத் தலை தேடுறீகளா?" என்று கேட்டாள் அவள்.

"எனக்கு நேரமாச்சு அக்கா."

"ஓடு, ஓடு. உன் மரத்தலைக்கு வெயில் பட்டுரும்" என்று சிரித்தாள்.

உச்சி வேளையில் காற்று அவள் தொப்பியைத் தூக்கிக் கழிமுகத்தில் போட்டது. தொப்பி போனால் வேலை போகும். வேலை போனால் அடுப்பு அணையும். கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் தொப்பிக்குப் பின்னால் தண்ணீரில் இறங்கினாள். கடலுக்குத் திரும்பிய வற்றுநீர் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

விசாரணை நடந்தது. பண்டிதர் ஒரு தொப்பியை மரத்தலையில் மாட்டி, ஆட்களை விட்டுப் பெரிய விசிறியால் வீசச் சொன்னார். தொப்பி அசையவில்லை.

"தொப்பியில் குற்றமில்லை. அவள் தலையைச் சாய்த்திருப்பாள்" என்றார்.

பேராச்சியின் தலைதான் குற்றம் என்று தீர்ப்பானது. அதை ஊரின் மூன்று தெருவிலும் பறையறைந்து சொன்னார்கள். செத்துப்போனவளைப் பார்த்து, உன் தலை சரியில்லை என்று சொன்னார்கள் ஐயா! இருளாண்டிக்கு அழுகை வரவில்லை. அந்தச் சொல்லைச் சொன்ன வாயாலேயே திரும்ப வாங்க வைக்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் முடிபோட்டுக்கொண்டான்.

மாணாக்கர்கள் தங்கள் தொப்பியை ராஜாவிடம் காட்டித் தேறும் நாள் வந்தது. வியாபாரிகள் வந்திருந்ததால் அதைக் கடற்கரைப் பந்தலிலேயே வைத்தார்கள். முதல் மாணாக்கன் தன் தொப்பியை மரத்தலையில் வைத்தான், கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாம் மாணாக்கன் வைத்தான், கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்றாவதாக இருளாண்டி வைத்தான். தொப்பியின் இரு பக்கமும் இரண்டு நாடா தொங்கியது.

பண்டிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "மகாராஜா, ஆட்டுக்கு அலங்காரம் செய்து வந்திருக்கிறான்! இதை எங்கேயப்பா கட்டுவது?"

"தாடையில்."

"தாடை எங்கே இருக்கிறது?"

"உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது ஐயா. மரத்துக்குத்தான் இல்லை" என்றான் இருளாண்டி. பிறகு ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினான். "மகாராஜா, எது நல்ல தொப்பி என்பதைத் தலைதான் சொல்ல வேண்டும். இந்தப் பந்தலில் உயர்ந்த தலை தங்களுடையது. பண்டிதர் கையால் செய்த தொப்பியைத் தாங்களே அணிந்து நாலடி நடந்து காட்ட வேண்டும்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பண்டிதரின் தொப்பியை வாங்கி அணிந்துகொண்டு, வியாபாரிகள் பார்க்கப் பந்தலை விட்டு வெளியே வந்தார். கோடைக் காற்று ராஜா என்று பார்க்குமா? தொப்பியைப் பிடுங்கிக் கழிமுகத்தில் வீசியது.

காவலன் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கிப் பாய்ந்தான். இருளாண்டி ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தான்.

"இறங்காதே! இந்தத் தொப்பிக்கு ஒருத்தி போனது போதும்!"

கரை முழுக்கக் கேட்டது அந்தக் குரல். வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜா வெறுந்தலையோடு நின்றார்.

பண்டிதர் ராஜாவிடம் ஓடிவந்தார். வாய்க்குப் பழகிய சொல்தான் முதலில் வந்தது. "மகாராஜா, தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டீர்கள்..."

"என் தலையிலா குற்றம்?" என்று ராஜா கர்ஜித்தார். "என் தலை நேராகத்தான் இருந்தது. உன் தொப்பிதான் குற்றம்!"

"அரண்மனைத் தொப்பியைத் தொலைத்தவருக்கு வேலை இல்லை என்பது தங்கள் ஆணை" என்றான் இருளாண்டி. "தங்கள் தலையில் குற்றமில்லை என்றால், இதே காற்றில், இதே தொப்பியைப் பறிகொடுத்த பேராச்சி தலையிலும் குற்றமில்லை. அதைச் சொல்லுங்கள். பழியைப் பறையறைந்த தெருவிலேயே அறைந்து சொல்லுங்கள்."

ராஜா வியாபாரிகளை ஓரக்கண்ணால் பார்த்தார். கடைசியில், "சரி" என்றார். அதையும் வியாபாரிகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

மறுநாள் பறை கிளம்பியது. பறைகாரனுக்கு அரண்மனையிலிருந்து கொடுத்த வாசகம் இதுதான்: "தொப்பிதான் குற்றம்! மகாராஜா தலையில் குற்றமில்லை!" பேராச்சியின் பெயரை விழுங்கிவிட்டார்கள்.

இருளாண்டி பறைக்குப் பின்னாலேயே நடந்தான். முதல் தெருவில் பறைகாரன் சொல்லி முடித்ததும், "பேராச்சி தலையிலும் குற்றமில்லை!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கதவுகள் திறந்தன. இரண்டாம் தெருவில் உப்பளத்துப் பெண்கள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனோடு சேர்ந்து கத்தினார்கள். மூன்றாம் தெருவில் பறைகாரன் கோலை ஓங்கி அடித்தான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தொப்பிதான் குற்றம்! மகாராஜா தலையில் குற்றமில்லை! பேராச்சி தலையிலும் குற்றமில்லை!" என்று அவனே சொன்னான்.

கூடத்தில் அன்று என்ன நடந்தது தெரியுமா? பண்டிதர் தச்சனைக் கூப்பிட்டு, மரத்தலைக்கு ஒரு தாடை செய்து ஆணி அடிக்கச் சொன்னார். அப்போதும் மனிதத் தலையைத் தொட்டுப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. இருளாண்டி அந்தப் பக்கம் திரும்பிப் போகவில்லை. உப்பளத்துக்குப் போய், ஒவ்வொரு தலையாகக் கையால் தொட்டு, ஓலை நறுக்கால் அளந்து, நாடா வைத்த தொப்பிகளைக் கூடை சுமக்கத் தோதாகத் தட்டையாகப் பின்னிக் கொடுத்தான்.

தான் செய்த பொருளின் குற்றத்தை அதனால் செத்தவர் மேல் சுமத்துகிறவன், எத்தனை படித்தாலும் அறம் அறியாதவன்.

கூடம் இடிந்துபோயிற்று. உப்பளம் இருக்கிறது.