கை கொடுத்த சாலாச்சி அம்மையார்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில், கரும்புக் காடு முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் ஒரு முருகன் கோயில் உண்டு. தகரக் கூரையும் பச்சை வண்ணம் அடித்த சுவருமாக இருக்கும். பெரிய கோயில் என்று சொல்ல முடியாது. கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்கள் கட்டியது. அந்த முருகனுக்கு நாள் தவறாமல் மாலை கட்டியவர் சாலாச்சி அம்மையார். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது அவர் வேலை. விடிந்ததும் கோயிலுக்கு வந்து, வாளியில் இருக்கும் சாமந்தியைக் கீழே கொட்டி, தொடுத்து, குருக்கள் கையில் கொடுத்துவிட்டு ஏழு மணிப் பேருந்தைப் பிடிப்பார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அம்மையார் முகத்தில் எதுவும் தெரியாது. சிரிப்பும் தெரியாது, அழுகையும் தெரியாது. 'கல்லு மூஞ்சி' என்று கோயில் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் இருக்கிறது. அந்த முகம் பிறவியிலேயே அப்படி இருந்ததல்ல.

அவருக்குத் தேவராணி என்று ஒரே மகள். பதினேழு வயதில் அந்தப் பெண்ணுக்குக் கன்னம் இரண்டும் சிவந்து தடித்தன. மூட்டு மூட்டாக வலி, விடாத காய்ச்சல். ஒரு டாக்டர் தோல் வியாதி என்று களிம்பு கொடுத்தார். இன்னொருவர் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே திரும்பி உடம்பைத் தாக்குகிற நோய் அது. அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவர் அன்று அந்தப் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. இரண்டு வருஷம் அலைந்தார்கள். கடைசியில் சிறுநீரகம் கெட்டு, பத்தொன்பது வயதில் அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்தது.

பதினாறு நாள் தீட்டு. பதினேழாம் நாள் காலையில் அம்மையார் வழக்கம்போல் வந்து பூவைக் கொட்டி உட்கார்ந்தார். 'ஏன் முருகா இப்படிச் செய்தாய்?' என்று கேட்கவில்லை. கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். சந்நிதியில் நிற்பார்; வாயிலும் வார்த்தை வராது, மனசிலும் வராது. கை மட்டும் தொடுத்துக்கொண்டிருக்கும். பக்தி என்றால் உருக வேண்டும், அழ வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஒன்றுமே தோன்றாதபோதும் மறுநாள் வந்து உட்கார்ந்தாரே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

சில வருஷம் கழித்து அந்தக் கையும் போயிற்று. விரல் முட்டிகள் வீங்கிச் சூடேறின. காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்கு விரலை மடக்க வராது. சலவைக் கூடத்தில் விரிப்பு கைநழுவி விழுந்துகொண்டே இருந்ததால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்த வருஷக் காவடித் திருநாளில், ஊரே திரண்டு நிற்க, குருக்கள் சாமி கழுத்தில் மாலையைச் சாத்தினார். முடிச்சு நெகிழ்ந்து, பூவெல்லாம் சாமி காலடியில் கொட்டிப் போயிற்று.

மாதர் சங்கத் தலைவி லோகம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "போதும் அக்கா. முருகனே உங்க மாலை வேணாம்னுட்டான். கையைப் பாருங்க, என்ன பாவம் பண்ணீங்களோ!"

அம்மையார் குனிந்து, சிதறிய பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மறுநாளிலிருந்து ஒரு கைப்பிடி உதிரிப்பூவைச் சந்நிதிப் படியில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது பழைய சலவைக் கூடத்துத் தோழி ஒருத்தி. அங்கே புதிதாக மூட்டு வாதப் பிரிவு ஒன்று திறந்திருந்தார்கள். டாக்டர் சிதோலே என்ற ஜூலு இனத்து அம்மாள் அதை நடத்தினார். கையைத் தொட்ட உடனே நோயைச் சொன்னார். தினம் ஒரு சின்ன மாத்திரை, வாரம் ஒரு தரம் நாலு மாத்திரை. பிறகு ஒரு உதவியும் கேட்டார்.

"பல ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து டாக்டர்கள் இந்தப் படிப்புக்காக இங்கே வருகிறார்கள். சில நாட்டில் இதற்கு ஒரு டாக்டர்கூடக் கிடையாது. புத்தகம் படித்தால் போதாது, விரல் படிக்க வேண்டும். புதன்கிழமை வந்து உங்கள் கையைக் கொடுப்பீர்களா?"

"வேற வேலை இல்லை. வர்றேன்" என்றார் அம்மையார்.

அப்படித்தான் அந்தத் தொண்டு தொடங்கியது. புதன்கிழமைதோறும் ஆறு இளம் டாக்டர்கள் வரிசையாக அவர் முட்டிகளை அமுக்கிப் பார்ப்பார்கள். ஆறு பேரில் சிக்கோண்டி என்ற பெண், வடக்கே ஏரிக்கரை நாடு ஒன்றிலிருந்து வந்தவள். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். ஆனால் வலியைக் கேட்கிற ஒரு சொல்லை மட்டும் அவள் அம்மையாரிடம் தமிழிலேயே கற்றுக்கொண்டாள்.

"நோகுதா, மா?"

"இல்லை."

அம்மையாருக்குப் பழகிப் போன பதில் அது. அழுத்தும்போது கையைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்பது டாக்டர்களுக்குப் பால பாடம். சிக்கோண்டி முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. "இவருக்கு நோய் அடங்கிவிட்டது" என்று எழுதிவிட்டாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டர் சிதோலே சிரிக்கவில்லை. "இந்த அம்மா முகத்தை நம்பாதே. உன் விரலை நம்பு" என்றார்.

எட்டு மாதத்தில் மாத்திரை வேலை செய்தது. சூடு தணிந்தது, வீக்கம் வடிந்தது. ஒரு நாள் கோயிலில் அம்மையார் மெல்ல ஒரு முழம் தொடுத்துப் பார்த்தார். குருக்கள் இழுத்துப் பார்த்தார், முடிச்சு நின்றது. லோகம்மாவுக்கும் மனசு இளகியது. "சரி அக்கா, இந்தக் காவடிக்குப் பெரிய மாலை நீங்களே கட்டுங்க" என்றார். அம்மையார் தலையை ஆட்டினார். அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

அடுத்த புதன்கிழமை சிக்கோண்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள். தேறினால் அவள் நாட்டுக்கு அவள்தான் முதல் மூட்டு வாத டாக்டர். தேறாவிட்டால் அடுத்து யாரை அனுப்புவார்கள், எப்போது அனுப்புவார்கள் என்று சொல்ல ஆளில்லை.

"பயமாக இருக்கிறது மா. புது வீக்கத்தைத் தொட்டுக் கண்டுபிடித்துக் காட்டினால்தான் தேறலாம். இங்கே எல்லோருக்கும் குணமாகிவிட்டது, இல்லாவிட்டால் எலும்பே ஒட்டிப்போன பிறகு வருகிறார்கள்" என்றாள். பிறகு தானாகவே சொன்னாள்: "போன வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண். கன்னம் இரண்டும் சிவந்திருக்கும். காசநோய் என்றே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். நானும்தான் கொடுத்தேன். அதுவும் இந்தப் படிப்பில் வருகிற நோய்தான் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது."

"என்ன வயசு?" என்றார் அம்மையார்.

"பத்தொன்பது."

மறுநாள் காலையில் அம்மையார் சந்நிதியில் நின்று, மகள் போனபின் முதல் தரமாக முருகனிடம் வாய் திறந்தார்.

"உனக்கு இத்தனை வருஷம் கையைக் குடுத்தேன். இந்த ஒரு தரம் அந்தப் பிள்ளைங்களுக்குக் குடுக்கிறேன். கோவிச்சுக்காதே."

வீட்டுக்குப் போய் மாத்திரை டப்பாவை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார். அன்றிலிருந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஐயோ, இதைக் கேட்டுவிட்டு நீங்கள் யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! அவர் செய்தது தப்பு. அன்புதான், ஆனாலும் தப்பு. பத்தாம் நாள் விரல் இறுகியது. இருபதாம் நாள் முட்டிகள் பழையபடி கொழுக்கட்டையாய் வீங்கின. டாக்டர் சிதோலே பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று, புதன்கிழமை வகுப்புக்கு உடம்பு சரியில்லை எனச் சொல்லி அனுப்பிவிட்டார். கோயிலுக்குப் போய் லோகம்மாவிடம், "மாலையை நீயே கட்டிக்க. எனக்கு முடியலை" என்றார்.

"பார்த்தீங்களா! சாமி ரெண்டாவது தரமும் வேணாம்னுட்டான்" என்றார் லோகம்மா. அதையும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

தேர்வு நாள் வந்தது. புதன்கிழமை வகுப்புக்குக் கை கொடுத்தவர்களைத்தான் அன்றும் வரச் சொல்லியிருந்தார்கள். எந்த நோயாளி எந்த டாக்டருக்கு என்று சீட்டுப் போட்டார்கள். யாருக்கு விழுந்தாலும் சரி என்றுதான் அம்மையார் உட்கார்ந்திருந்தார். சிக்கோண்டிக்கு விழுந்தது. எதிரே இரண்டு தேர்வாளர்களும், சற்றுத் தள்ளி டாக்டர் சிதோலேயும்.

சிக்கோண்டி கையை எடுத்தாள். முட்டி முட்டியாக அழுத்திக்கொண்டே போனாள். முகத்தைப் பார்க்கவே இல்லை. பாதியில் அவள் விரல் நின்றுவிட்டது.

"சூடாக இருக்கிறது. மெத்தென்று இருக்கிறது. இது புது வீக்கம். பத்து முட்டி" என்றாள். பிறகு சற்று நிறுத்தி, "இந்தக் கையை எனக்குத் தெரியும். போன மாதம் இது நன்றாக இருந்தது. மருந்து பலிக்காமல் வந்த வீக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. இவர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்" என்றாள்.

"ஏன் நிறுத்துவார்? கேட்டுப் பாருங்கள்" என்றார் ஒரு தேர்வாளர்.

அவள் அதைக் கேட்கவில்லை. காரணம் அவளுக்கு விளங்கிவிட்டது. தரையில் மண்டியிட்டு, அமுக்காமல், அந்தக் கையைச் சும்மா தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நோகுதா, மா?"

இல்லை என்று சொல்லத்தான் அம்மையார் வாயெடுத்தார். அந்தச் சொல் வரவில்லை.

"நோகுது" என்றார். "ரொம்ப நோகுது கண்ணு. எம் பிள்ளை போனதிலேருந்து நோகுது."

கண்ணீர் வரவில்லை. முகம் அப்படியேதான் இருந்தது. "என்ன சொன்னார்?" என்று தேர்வாளர் கேட்க, "வலிக்கிறது என்கிறார்" என்றாள் சிக்கோண்டி.

சிக்கோண்டி தேறினாள். டாக்டர் சிதோலே அம்மையாரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். "நோயாளி குணமாவதற்குத்தான் இந்தப் படிப்பே! இன்னொரு தரம் இப்படிச் செய்தால் இந்தக் கதவுக்குள் விடமாட்டேன்" என்று சத்தம் போட்டு, தன் கண்முன்னாலேயே மாத்திரையை விழுங்க வைத்துத்தான் அனுப்பினார்.

ஒன்பது நாள் கழித்துக் காவடித் திருநாள். லோகம்மா கட்டிய பெரிய மாலை சாமி கழுத்தில் அழகாக நின்றது. அம்மையார் கூட்டத்துக்குப் பின்னால், கைப்பிடி உதிரிப்பூவோடு நின்றார். அன்று மாலை ஊருக்குப் புறப்படுகிற சிக்கோண்டி அவரிடம் விடைபெறக் கோயிலுக்கே வந்துவிட்டாள். வெளிநாட்டு டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் குருக்கள் அவளை முன்னே அழைத்தார். சாமி கழுத்து மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டு மரியாதை செய்தார்.

அவளுக்கு நம் வழக்கம் என்ன தெரியும்? தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். அம்மையார் கண்ணில் பட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே போய், மாலையைத் தன் கழுத்திலிருந்து எடுத்து அம்மையார் கழுத்தில் போட்டாள்.

"ஐயே, அப்படியெல்லாம் மாத்திப் போடக் கூடாது!" என்று லோகம்மா ஓடி வந்தார்.

குருக்கள் கையை நீட்டித் தடுத்தார். "விடும்மா. அந்தப் பிள்ளையா போட்டுச்சுன்னு நினைக்கிறே?"

லோகம்மா நின்றுவிட்டார். தான் கட்டிய மாலையையும், அது கிடந்த கழுத்தையும், பூவைப் பிடிக்க முடியாமல் வீங்கியிருந்த விரல்களையும் பார்த்தார். பிறகு கை கூப்பினார். மாலையின் ஈரம் கழுத்தில் சில்லென்று பட்டது என்று அம்மையார் பிற்பாடு சொன்னார். பல வருஷத்தில் அவருக்கு உறைத்த முதல் விஷயம் அதுதானாம்.

ஏரிக்கரை நாட்டில் இப்போது டாக்டர் சிக்கோண்டியிடம் ஏழு பேர் படிக்கிறார்கள். நோயாளியின் முட்டியைத் தொடும்போது அவர்கள் "நோகுதா?" என்று கேட்கிறார்கள். அது எந்த மொழி என்று அவர்களுக்குத் தெரியாது. ஆசிரியர் அப்படித்தான் கேட்பார், அதனால் கேட்கிறார்கள். சாலாச்சி அம்மையார் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, இன்றும் புதன்கிழமை தவறாமல் ஆஸ்பத்திரிக்கும், மற்ற நாளெல்லாம் மாலை கட்டக் கோயிலுக்கும் போய்வருகிறார். கண்ணீர் வற்றிய பிறகும் கையை நீட்டிய அந்த அடியாரின் கோணல் விரல்களை வணங்குவோம்.